கலப்பின மாடு கோவேறு கழுதையா? ஒரு குரோமோசோம் வாதத்தின் மீது விமர்சனம்

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு பற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. நல்ல விஷயம்தான். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று ஐந்து இனங்களின் பெயரை நகரத்துப் பிள்ளைகளும் கடகடன்னு சொல்றாங்க. ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து ஒரு வாதமும் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, சேர்த்தால் 63 உள்ள கோவேறு கழுதை, அது மலடு. அதே மாதிரி சீமைக் காளையின் விந்தை நம் பசுவுக்கு ஏற்றினால் குரோமோசோம் குழம்பிப்போகும், அதனால்தான் கலப்பின மாடுகள் சினை நிற்பதில்லை.

கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. எண்கள் இருக்கின்றன, உவமை இருக்கிறது, விவசாயியின் அனுபவமும் பின்னால் நிற்கிறது. நானும் இதைக் குறைந்தது நாலைந்து பேர் வாயிலிருந்து ஒரே வரிசையில் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிவு அந்த வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் முயற்சி. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். குடியிருப்பது எம்.கே.பி. நகர். தொழிற்சாலையும் துறைமுகமும்தான் வடசென்னை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: வியாசர்பாடிப் பக்கம் இன்னும் வீட்டு வாசலில் மாடு கட்டிப் பால் கறந்து விற்கிறார்கள். மாதவரம் பால் பண்ணையும், 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் எங்களுக்குப் பக்கத்தில்தான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. செங்குன்றம் தாண்டி அலமாதியில் நாட்டின் பெரிய உறைவிந்து நிலையங்களில் ஒன்று இயங்குகிறது. இவ்வளவு அருகில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தும், கோவேறு கழுதைக் கதை எங்கள் தெரு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

முதல் கேள்வி: எண்ணிக்கை பொருந்தவில்லையா?

பொருந்துகிறது. ஹோல்ஸ்டீன் பிரீஷியன், ஜெர்சி ஆகிய சீமை இனங்களுக்கும் 60 குரோமோசோம். காங்கேயத்துக்கும் 60. கிர், சாஹிவாலுக்கும் 60. திமில் உள்ள மாடு, திமில் இல்லாத மாடு இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றே. ஆக, 64-ம் 62-ம் சேர்ந்து 63 ஆகும் கணக்கு இங்கே பிறக்கவே வழியில்லை. 30-ம் 30-ம் சேர்ந்து 60. வாதத்தின் அஸ்திவாரம் இந்த ஒரே வரியில் போய்விடுகிறது.

எண்ணிக்கை உண்மையிலேயே இடிக்கும் இடங்கள் வேறு. முதுமலையிலும் ஆனைமலையிலும் பார்க்கிற காட்டு மாடு, அதாவது நாம் பழக்கத்தில் காட்டெருமை என்று சொல்கிறோமே, அதற்கு 58. வடகிழக்கு மாநிலங்களில் வளர்க்கும் மிதுனுக்கும் 58. மிதுனை நம் பசுவோடு சேர்த்தால் பிறக்கும் கன்றுக்கு 59. அதில் கிடேரி சினைப்படும், காளைக்கன்று மலடு. எருமையில் இன்னொரு உதாரணம்: முர்ரா, நீலகிரியின் தோடா எருமை போன்ற ஆற்று எருமைகளுக்கு 50, வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள சேற்று எருமைகளுக்கு 48. இரண்டும் சேர்ந்தால் 49. ஆனால் அந்த 49 மலடு இல்லை; ஆணும் பெண்ணும் இனவிருத்தி செய்கின்றன, திறன் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். அதாவது, ஒற்றைப்படை எண் வந்தாலே மலடு என்ற சூத்திரமும் தவறு. எந்தக் குரோமோசோம் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

சீமை மாட்டுக்கும் நாட்டு மாட்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஒரு குரோமோசோம் வித்தியாசம் உண்டு. ஒய் குரோமோசோம். சீமைக் காளையின் ஒய் சின்னதாக, நடுப்பக்கம் இடுக்கி, இரண்டு கை உள்ளதாக இருக்கும். திமில் உள்ள நம் காளையின் ஒய்க்கு இடுக்கு நுனியிலேயே இருக்கும், ஒரு கைதான். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன், ஞாபகம் வச்சுக்கங்க.

அப்போ சினை நிற்காதது பொய்யா?

பொய்யில்லை. இங்கேதான் மறுப்பு எழுதுகிற பலர் கோட்டை விடுகிறார்கள். "அறிவியல் தெரியாத கூட்டம்" என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். தொழுவத்தில் நிற்கிறவனுக்கு அது பதில் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணனிடம் நாலு கறவை மாடு. எல்லாம் ஜெர்சிக் கலப்பு. ஒருநாள் கேட்டேன்.

"என்னண்ணா, செவலைக்கு ஊசி நின்னுச்சா?"

"எங்க தம்பி நிக்குது. இது நாலாவது ஊசி. இன்னொரு தபா பாத்துட்டு வித்துட வேண்டியதுதான்."

இந்த "வித்துட வேண்டியதுதான்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மாட்டின் பருவச் சுற்று 21 நாள். ஒரு ஊசி தவறினால் 21 நாள் தீவனம் வீண். நாளுக்கு 250 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 5,250 ரூபாய். மூன்று தவறினால் 15,750. பால் இல்லை, கன்று இல்லை. நாலு மாடு வைத்திருப்பவர் இதைத் தாங்க மாட்டார், மாட்டைச் சந்தைக்கு அனுப்புவார். அதன் பிறகு அந்த மாடு எங்கே போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கோவேறு கழுதைக் கதை இவரிடம் எடுபடுவதற்குக் காரணம், வேறு யாரும் இவருக்குக் காரணம் சொல்லவில்லை.

கலப்பினப் பசு சினை நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் குரோமோசோம் இல்லை. வெயில், தீவனத்தில் தாது உப்புக் குறைவு, வெளியே தெரியாமல் போகும் ஊமைப் பருவம், ஊசி போடும் நேரம் தப்புவது, உறைவிந்துக் குச்சியைச் சரியாக இளக்காமல் போடுவது, கருப்பைத் தொற்று: பட்டியல் நீளமானது, சலிப்பூட்டுவது, மேடையில் பேச உதவாதது. ஒரு விஷயத்தில் மட்டும் நாட்டு மாட்டுப் பேச்சாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கலப்பினக் காளைகளில் கணிசமானவை விந்துத் தரம் போதாமல் விந்து நிலையங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. அவற்றின் விந்து உறையவைப்பதைத் தாங்குவதிலும் சிக்கல் உண்டு. இது இந்திய ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவான உண்மை. ஆனால் அவற்றுக்கும் குரோமோசோம் 60-தான். கவனித்தது சரி, சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பானால் மருந்தும் தப்பாகும்.

1964, ஸ்வீடன்

குரோமோசோம் கோளாறு பரம்பரையாக வந்து மாட்டின் சினைத்திறனைக் குறைத்த உண்மைக் கதை ஒன்று இருக்கிறது. அதில் கலப்பினமே கிடையாது.

ஸ்வீடனில் இங்கெமார் குஸ்டாவ்சன் என்ற ஆய்வாளர் ரத்தப் புற்றுநோய் வந்த மாடுகளின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றில் 60-க்குப் பதில் 59 இருந்தது. மாட்டின் மிகப் பெரிய குரோமோசோமான 1-ம், மிகச் சிறிய 29-ம் தலையோடு தலை ஒட்டி ஒன்றாகியிருந்தன. 1964-ல் இதை வெளியிட்டார். பின்னால் பார்த்தால், இதற்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை. ஸ்வீடன் சிவப்பு வெள்ளை இனத்தில் சுமார் 14 சதவீதம் மாடுகள் இதைச் சுமந்துகொண்டிருந்தன. ஆரோக்கியமான மாடுகள். நல்ல பால். காளைகள் கம்பீரமாக இருந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. 1969-ல் அவர் செயற்கைக் கருவூட்டல் பதிவேடுகளை வைத்துக் காட்டினார்: இதைச் சுமக்கும் காளைகளின் மகள்கள் ஊசிக்கு நிற்பது 5 சதவீதம் அளவில் குறைவு. அதன்பின் இத்தகைய காளைகளை ஸ்வீடன் கழித்தது. மற்ற ஐரோப்பிய நாடுகளும் காளைகளின் குரோமோசோமைச் சோதிக்கத் தொடங்கின.

எப்படிக் குறைகிறது? ஒட்டிய குரோமோசோம் உள்ள மாட்டில் மரபுப் பொருள் எதுவும் தொலையவில்லை. இரண்டு கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சேமித்த மாதிரி. அதனால் மாடு நன்றாக இருக்கிறது. ஆனால் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஒட்டிய ஒன்று, தனி 1, தனி 29 என மூன்றும் இரண்டு பக்கமாகப் பிரிய வேண்டும். ஒட்டியது ஒரு பக்கம், தனித்த இரண்டும் மறுபக்கம் போனால் சிக்கல் இல்லை. மாறிப் பிரிந்தால் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அப்படி உருவான கரு முதல் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். கருச்சிதைவு என்று யாரும் பார்க்கக்கூட முடியாது. பசு மறுபடி பருவத்துக்கு வரும். விவசாயி பார்ப்பது "ஊசி நிக்கல" என்பதை மட்டும்தான்.

இப்போது ஒரு கணக்கு. 45 சதவீதம் நிற்க வேண்டியது 40 சதவீதமாகக் குறைகிறது என்று வைப்போம். நாலு மாடு வைத்திருப்பவரால் இதை உணரவே முடியாது. வழக்கமான புள்ளியியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: இந்த வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல, ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,500 ஊசிகளின் பதிவு வேண்டும். ஒரு கிராமத்துக்கே இது கிடைக்காது. ஸ்வீடனில் பிடிபட்டது என்றால் அங்கே எந்தக் காளையின் விந்து, எந்தப் பசுவுக்கு, எந்தத் தேதியில், நின்றதா இல்லையா என்ற பதிவேடு இருந்ததால்தான். கோளாறைப் பரப்பியதில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடிக்க உதவியதும் அதே கருவூட்டலின் பதிவேடுதான். இந்த இரண்டாவது பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இயற்கைச் சேர்க்கை என்றால் பாதுகாப்பா?

வாதத்தின் அடுத்த படி இது. ஊசியை விடு, ஊர்க் காளையை விடு, எல்லாம் சரியாகும்.

குரோமோசோம்கள் ஒட்டுவதற்கு ஊசி தேவையில்லை, அது இயற்கையாக நடப்பது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஒயிட் என்று ஒரு பழைய, எண்ணிக்கை குறைந்த இனம் உண்டு. 1970-களில் அதன் ஒரு மந்தையைச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவை இதே 1/29 ஒட்டலைச் சுமந்திருந்தன. போர்ச்சுகலின் பரோசா என்ற உள்ளூர் இனத்திலும் இதே நிலைமை. இரண்டும் அந்தந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு காத்துவரும் பாரம்பரிய இனங்கள்தான். மந்தை சின்னதாக இருந்து, சில காளைகளே திரும்பத் திரும்பப் பயன்பட்டால், அதிர்ஷ்டவசத்தால் ஒரு கோளாறு மந்தை முழுக்கப் பரவிவிடும்.

இதை ஆலம்பாடிக்கும் புலிக்குளத்துக்கும் பொருத்திப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்த இனம், ஊருக்கு ஒரு கோயில் காளை, அதன் மகளுக்கும் பேத்திக்கும் அதே காளை. நம் இனங்களில் இந்த ஒட்டல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் பதிவேடு இல்லாமல் தெரியவே வராது என்கிறேன். நாட்டு மாட்டை நேசிப்பவர்கள்தான் முதலில் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. ஆனால் அவர்கள் மேடையில்தான் இது பேசப்படாமல் இருக்கிறது. பல பசுக்களோடு சேரும் ஒரே காளை வழியாகக் கருச்சிதைவு நோய்க் கிருமிகள் பரவுவது தனிக் கதை. உறைவிந்து முறை உலகெங்கும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மலடு என்றாலே கலப்பினம் என்பவர்களுக்கு இன்னொரு பழைய உதாரணம். மாடு இரட்டைக் கன்று போட்டு, ஒன்று காளை ஒன்று கிடேரி என்றால், அந்தக் கிடேரி பத்துக்கு ஒன்பது மலடு. வயிற்றுக்குள் இரண்டின் ரத்தமும் கலந்து, கிடேரியின் ரத்தத்தில் காளையின் ஒய் குரோமோசோம் உள்ள செல்களும் இருக்கும். நாட்டு மாட்டிலும் நடக்கும், சீமை மாட்டிலும் நடக்கும். இது பரம்பரையாக வருவதும் இல்லை.

மறுபக்கம்: சான்றிதழ் எவ்வளவு சொல்கிறது?

இனி எதிர் அணி. "நம் உறைவிந்து நிலையங்களில் எல்லாக் காளையும் குரோமோசோம் சோதனை முடித்தவை, கவலை வேண்டாம்" என்பது அவர்கள் பதில். மத்திய அரசின் உறைவிந்து உற்பத்திக்கான குறைந்தபட்சத் தர விதிகள் காளைகளுக்குக் குரோமோசோம் சோதனையைக் கேட்கின்றன. சில பரம்பரை நோய்களுக்கான மரபணுச் சோதனையையும் கேட்கின்றன. நல்ல விதி. தெருவில் திரியும் காளைக்கு இல்லாத பாதுகாப்பு இது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறேன்.

சோதனை எப்படி நடக்கிறது? காளையின் ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களைச் சுமார் 3 நாள் வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் மருந்து போட்டு நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் விட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். 59 வந்தால் பிடிபட்டுவிடும்.

60 வந்தால்? எல்லாம் சரி என்று எழுதிவிடலாமா? இங்கேதான் ஓட்டை. குரோமோசோம் கோளாறில் இன்னொரு வகை உண்டு: இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது. எண்ணிக்கை 60 மாறாது. மாட்டில் பாலினக் குரோமோசோம் தவிர மற்ற 58-ம் ஒரே ஜாடை, எல்லாமே ஒரு கைக் குச்சி. நீளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். எதன் துண்டு எதில் ஒட்டியிருக்கிறது என்று வெறும் சாயத்தில் தெரியாது. 2012-ல் இத்தாலிய ஆய்வுக் குழு ஒன்று மதிப்பிட்டது: சாதாரண ஜீம்சா முறையில் இந்த வகைப் பரிமாற்றங்களில் 16 சதவீதம்தான் கண்ணில் படும். மிச்சம் 84 "சரி" என்ற முத்திரையோடு வெளியே வரும்.

இதனால் வரும் சேதமோ 1/29 ஒட்டலைவிட மிகப் பெரியது. இத்தகைய காளையின் விந்தணுக்களில் பாதி வரை கோணலாக இருக்கலாம்; சினை நிற்பது கிட்டத்தட்டப் பாதியாகலாம். என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு கோப்புகளில் வரி எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது, எனவே இரண்டும் ஒன்று என்று சொல்வது மாதிரி இது. வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் தெரியும். குரோமோசோமில் அந்த வேலையைச் செய்வது பட்டைச் சாயம். ஒவ்வொன்றின் மீதும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் விழும், துண்டு மாறினால் காட்டிக்கொடுக்கும். நேரமும் கைப்பழக்கமும் அதிகம் கேட்கிற வேலை. எல்லாக் காளைக்கும் கஷ்டம் என்றால், சினை நிற்கும் விகிதம் குறைவாக வருகிற காளைகளுக்காவது கட்டாயம் வேண்டும்.

குரோமோசோமில் தெரியாதவை

இன்னும் ஒரு அடுக்கு கீழே போனால், பட்டைச் சாயத்திலும் தெரியாத ஓரெழுத்துப் பிழைகள். 1962-ல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளையின் கதை பிரபலம். இன்றைய ஹோல்ஸ்டீன் மரபில் சுமார் 14 சதவீதம் அதனுடையது. பால் கொட்டியது உண்மை. கூடவே அது சுமந்த ஒரு மரபணுப் பிழை, இரு பக்கமிருந்தும் சேர்ந்தால் கருவைக் கொன்றுவிடும். 2016-ல் பிழை எது என்று தெரிந்தபோது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு: உலகம் முழுக்க சுமார் 5,25,000 கருச்சிதைவு, 42 கோடி டாலர் நஷ்டம். ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற இன்னொரு காளை வழியாகப் பரவிய பிழையில் கன்றுகள் நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் சாகும். அதைச் சுமக்கும் ஹோல்ஸ்டீன், கலப்பினக் காளைகள் இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டின் சமவெளியில் அதிகம் பயன்படுவது ஜெர்சி. அதிலும் ஒன்று உண்டு. அப்சர்வர் சாக்லேட் சோல்ஜர் என்ற காளைவரை தடம் பிடிக்கப்பட்ட பிழை, அமெரிக்க ஜெர்சிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஒரு காலத்தில் சுமந்திருந்தன. இருபக்கமும் சேர்ந்தால் கரு ஆரம்பத்திலேயே போய்விடும். மறுபடி அதே "ஊசி நிக்கல".

இதில் கவனிக்க வேண்டியது: நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போடும் முதல் தலைமுறையில் இந்தப் பிழையால் சேதமே இல்லை. நாட்டுப் பசுவிடம் அந்தப் பிழை இல்லாததால் கரு பிழைக்கும். பிழை சுமக்கும் காளைக்குப் பிறந்த கிடேரிகளில் பாதி அதைச் சுமக்கும். அவற்றுக்கு மறுபடி பிழை சுமக்கும் ஜெர்சி ஊசி போட்டால்தான் எட்டில் ஒரு கரு அழியும். ஆக, கலப்பு இங்கே காப்பாற்றுகிறது. காளையின் வரலாறு பார்க்காமல் ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போவதுதான் கெடுக்கிறது. கோவேறு கழுதை வாதம் சொல்வதற்கு நேர் எதிர்.

நாட்டுக் காளை என்பதை எதை வைத்துச் சொல்வது?

2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜல்லிக்கட்டில் நாட்டு இனக் காளைகள் மட்டுமே கலந்துகொள்ள வேண்டும், கால்நடை மருத்துவர் அதற்குச் சான்று தர வேண்டும் என்றது. செயற்கைக் கருவூட்டல் மாட்டின் இணையும் உரிமையைப் பறிக்கிறது, முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னது. விலங்கின் உரிமை என்ற கோணத்தில் மதிக்க வேண்டிய பார்வை. ஆனால் சான்று தரும் மருத்துவர் எதைப் பார்ப்பார்? திமிலை, கொம்பை, அலைதாடியை. கால்பங்கு சீமை ரத்தம் உள்ள காளைக்கும் நல்ல திமில் வரலாமே.

மேலே சொன்ன ஒய் குரோமோசோம் இங்கே உதவும். ஒரு சொட்டு ரத்தத்தில், இந்தக் காளையின் தகப்பன் வழி சீமையா நாடா என்று ஒய்யின் வடிவமே சொல்லிவிடும். சீமை ஒய் வந்தால் முடிந்தது கதை. ஆனால் நாட்டு ஒய் வந்தால் தூய நாட்டுக் காளை என்று அர்த்தமில்லை. தாய் ஜெர்சியாக இருக்கலாம். ஒய் தகப்பன், அவன் தகப்பன் என்று ஒற்றைக் கோட்டில் மட்டுமே வெளிச்சம் அடிக்கும் டார்ச். மொத்த மரபுக்கும் மரபணுப் பரிசோதனைதான் பதில். "தூய்மை" என்ற சொல்லைச் சட்டத்திலும் தீர்ப்பிலும் எழுதுவது சுலபம். ஆய்வகத்தில் அது எப்போதும் ஒரு சதவீதமாகத்தான் வரும்.

2019-ல் சட்டமன்றம் மாட்டின இனப்பெருக்கத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் நிறைவேற்றியபோதும், ஊர்க் காளைக்குப் பதிவு எதற்கு என்ற எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு: சோதனைச் செலவை மாட்டுக்காரன் தலையில் கட்டினால் முதலில் காணாமல் போவது ஏழையின் காளை. ஆனால் பயத்துக்கு மருந்து சோதனையை மறுப்பது அல்ல. சோதனையை இலவசமாகக் கேட்பது.

என்ன கேட்க வேண்டும்?

இரு தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. ஒரு தரப்புக்குச் சீமை என்ற சொல்லே தீர்ப்பு. இன்னொரு தரப்புக்குச் சான்றிதழ் என்ற சொல்லே தீர்ப்பு. நடுவில் நிற்கிற பசு மறுபடி மறுபடி பருவத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

என் பட்டியல் சின்னது. ஒன்று, ஊசி போட்ட உடனே குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணை மாட்டுக்காரர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டுப் போதும்: தேதி, காளை எண், நின்றதா. மூன்று முறை ஒரே காளை தோற்றால் நாலாவது முறை வேறு காளை கேளுங்கள். மாட்டை விற்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. இரண்டு, மாட்டுக் காதில் 12 இலக்க எண் தொங்குகிறது, ஊசிப் பதிவு கணினியில் ஏறுகிறது. அந்தத் தரவிலிருந்து காளை வாரியாகச் சினை நிற்கும் விகிதம் பொதுவில் வர வேண்டும். ஸ்வீடனில் 1960-களில் காகிதத்தில் செய்ததை நாம் கணினியில் செய்யக் கேட்பது பேராசை இல்லை. மூன்று, அந்த விகிதத்தில் கீழே நிற்கும் காளைகளுக்குப் பட்டைச் சாயச் சோதனை. நான்கு, நாட்டின மந்தைகளின் பொலிகாளைகளுக்கும் கோயில் காளைகளுக்கும் அரசு செலவில் குரோமோசோம் சோதனை, கூடவே சில வருடங்களுக்கு ஒருமுறை ஊர்களுக்குள் காளையை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

பால்கார அண்ணனுக்கு முதல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "அந்தக் குச்சியிலயா நம்பர் இருக்கு? அத தூக்கிப் போட்டுட்டுல்ல போவாங்க" என்றார். இனி தூக்கிப் போடும் முன் வாங்கி வையுங்கள் என்றேன். நாட்டு மாடு வளர்ப்பவர்கள், கலப்பினம் வளர்ப்பவர்கள் யார் படித்தாலும் சரி, உங்கள் நோட்டில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். 1,500 ஊசி சேர்ந்தால் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.